பேச்சை விட்ட நாற்பது நாள்

சென்னை
3 நவம்பர் 1986

அன்புள்ள மருதமுத்து அவர்களுக்கு,

பேராசிரியர் இராஜமாணிக்கம் எழுதுவது. கட்டபெட்டு பங்களாவில் எட்டு ஆண்டுகள் எனக்குச் சமைத்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் பிரிந்துபோய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும். நான் மலையில் இருந்தவரை அந்தக் கடையைக் காரில் பலமுறை கடந்திருக்கிறேன். உங்கள் மோனத்தைக் குலைக்கக் கூடாது என்பதால் ஒருமுறைகூட நிறுத்தவில்லை.

1974இல் நீங்கள் என் வீட்டில் நாற்பது நாள் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தீர்கள். அந்த நாற்பது நாளில் நான் கண்டதை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய ‘மோனத்தின் முதுகு’ இன்று பதினோரு மொழிகளில் படிக்கப்படுகிறது. அப்போது விருந்தினராக வந்திருந்த ஓவியர், நீங்கள் சமையலறை வாசலில் திரும்பி நின்றதைத் தீட்டினார். அந்த ஓவியம் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. நூலின் அட்டையிலும் அதுதான்.

வரும் பிப்ரவரியில் என்னைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு குழு வருகிறது. அதே வாசலில் நீங்கள் அதேபோல் நிற்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள். கேமராவின் முன் பேச வேண்டாம். பேசினால் எல்லாம் கெட்டுவிடும். கல்வியின் கறை படாத உங்களைப் போன்றவர்களுக்குப் பேசாமல் இருப்பது எளிதாகவே இருக்கும்.

அண்மையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்பை உடன் அனுப்பியிருக்கிறேன். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏழாம் அத்தியாயம் முழுவதும் நீங்கள்தான். புரியாவிட்டால் வருந்த வேண்டாம். பேராசிரியர்களுக்கே புரிவதில்லை.

அன்புடன்,
இராஜமாணிக்கம்

*

கட்டபெட்டு
14 நவம்பர் 1986

இராஜமாணிக்கம் ஐயாவுக்கு,

மருதமுத்து சொல்லச் சொல்ல வேலாமணி எழுதறா. வேலாமணி பால்வாடி டீச்சருங்க, எங்க லைன் ஊடுகளுக்கு மேலதான் அவ ஊடு. போன வாரம் அவ மாடு கன்னு போட்டுச்சு, அதுல கடுதாசி நாலு நாள் தள்ளிப்போச்சு. மாடு நல்ல மாடுதான், ஆனா ஒதைக்கும். ஒதைக்கற மாட்டுக்கிட்ட எப்படிப் பால் கறக்கறதுன்னு சொல்லோணும்னா அது ஒரு நாள் கதை. அது கெடக்கட்டும்.

மொதல்ல ஒண்ணு கேக்கறனுங்க. கடுதாசி பூரா ‘நீங்கள்’, ‘அவர்கள்’னு போட்டிருக்கீங்க. வேலாமணி படிக்கப் படிக்க, இது வேற யாருக்கோ வந்ததாக்கும்னு நான் எட்டிப் பாத்தேன். எட்டு வருசமும் ‘டேய் மருது’ன்னுதானே கூப்ட்டீங்க. எட்டு வருசமா நான் உங்ககிட்ட எவ்வளவோ பேசியிருக்கேன். அதுல ஒரு வார்த்தை புக்குல இல்லை. பேசாத நாப்பது நாள்தான் பதினோரு பாசையில போயிருக்குது.

மத்தியானம் கோத்தகிரி வண்டி போச்சுன்னா அடுத்த வண்டி வரைக்கும் கடையில ஈ ஓட்டற நேரம். அப்பத்தான் ஏழாம் அத்தியாயத்தைப் படிச்சோம். கண்டக்டர் பொன்ராஜ் இருந்தாரு, தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வந்த அஞ்சலையும் தாயம்மாளும் இருந்தாங்க. எல்லாரும் கேட்டாங்க. அவங்களுக்கு எல்லாமே புரிஞ்சுதுங்க.

நான் காபி டம்ளரை மேசையில வெக்கற சத்தம் ‘மோனத்தின் எல்லைக்கல்’னு எழுதியிருக்கீங்க. அது எல்லைக்கல்லு இல்லீங்க, நான் கோவத்துல ணங்குனு வெச்சது. மூணாம் நாளே டம்ளர் அடி சொட்டையாயிருச்சு, நீங்க பாக்கலை.

சாம்பார்ல உப்பைக் கூட்டி ‘சுவையைத் துறக்கக் கற்றுத்தந்தார்’னு எழுதியிருக்கீங்க. நான் அள்ளி அள்ளிப் போட்டனுங்க. ஒருத்தராவது துப்புவீங்கன்னு கதவோரம் நின்னு பாத்தேன். நீங்களும் உங்க விருந்தாளிகளும் கண்ணை மூடிக்கிட்டுத் தின்னீங்க. ஒரு வெள்ளைக்காரம்மாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அதையும் ‘அனுபூதிக் கண்ணீர்’னு போட்டிருக்கீங்க. அஞ்சலை சிரிச்சதுல டீ மூக்குல ஏறிருச்சு.

வாசல்ல திரும்பி நின்னது உங்க மூஞ்சியைப் பாக்கப் புடிக்காம. அதைப் போயி ஒரு மனுசன் உக்காந்து வரைஞ்சிருக்காரு. முதுகை வரைஞ்சவரு இக்கட்ட, முன்பக்கமா வந்து மூஞ்சியை ஒருவாட்டி பாத்திருந்தா அன்னிக்கே ஊருக்கு ஓடியிருப்பாரு.

எங்க பக்கம் ஒருத்தர் மேல கோவம்னா கத்தறதில்லீங்க. பேச்சை விட்டுருவோம். எங்க பெரியப்பனும் சித்தப்பனும் ஒரு வரப்புத் தகராறுல இருபத்திரண்டு வருசம் பேச்சு இல்லை. ஆனா கெணறு ஒண்ணு, மாடு ஒரு சோடி. பெரியப்பன் மாட்டைப் பாத்து, ‘நாளைக்குக் காத்தால தண்ணி கட்டோணும், தெரியுதா’ம்பாரு. சித்தப்பன் அதே மாட்டைப் பாத்து, ‘எனக்குத் தெரியும், சொல்ல வேண்டாம்’பாரு. ஊரே வேடிக்கை பாக்கும். ஆனா ஒருத்தரும் அவங்களை முனிவர்னு சொல்லலை. கோவக்காரங்கன்னுதான் சொன்னாங்க.

நான் எதுக்குப் பேச்சை விட்டேன்னு புக்குல எங்கியாவது இருக்குதான்னு வேலாமணியைத் தேடச் சொன்னேன். இல்லைன்னுட்டா. அப்ப நான் சொல்றேன், கேளுங்க. என்ற தங்கச்சி அங்கம்மாவைச் சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல கட்டிக் குடுத்திருந்தோம். எழுபத்திநாலுல அங்கத்த தோட்டச் சனத்தையெல்லாம் கப்பல்ல இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பறாங்க, மண்டபம் முகாமுக்கு வந்து எங்களைக் கூட்டிக்கோன்னு எழுதியிருந்தா. அந்தக் கடுதாசியை எனக்குப் படிச்சுச் சொன்னதே நீங்கதான். அஞ்சு நாள் லீவு கேட்டேன். வெளிநாட்டு விருந்தாளிங்க வர்றாங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னீங்க. தங்கச்சி அடுத்த மாசம் வரைக்கும் கடல்லயே நிக்குமான்னு கேட்டேன். ‘போய் வேலையைப் பாரு’ன்னீங்க. நீங்க என்கிட்டப் பேசி நான் பதில் சொன்னது அதோட சரி.

இதெல்லாம் சிரிச்சுட்டே கேட்டாங்க கடையில. அப்புறம் வேலாமணி ஒரு பக்கத்தைப் படிச்சா, அஞ்சலை டீயைக் கீழ வெச்சுட்டா. நீங்க எழுதுனதை அப்படியே எழுதச் சொல்றேன்: ‘அந்நாட்களில் அவருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. உலகை இறக்கி வைத்தவனிடம் உலகை மறுபடி நீட்டுவது பாவம் என்று எனக்குப் பட்டது. அவற்றைப் பிரிக்காமலே என் நூல்களில் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன்.’

பன்னண்டு வருசமா என்ற தங்கச்சி எங்கே இருக்கறாள்னு எனக்குத் தெரியாது. ஒரு வரி எழுதலையேன்னு அவளைத் திட்டாத நாளில்லை.

வாசல்ல நிக்கறதை அப்புறம் பாக்கலாம். அந்த மூணு கடுதாசியும் எனக்கு வேணும்.

மருதமுத்து

*

சென்னை
24 நவம்பர் 1986

அன்புள்ள மருதமுத்து,

உங்கள் கடிதம் கிடைத்தது. தேநீர்க் கடையில் கூடியவர்கள் ஒரு தத்துவ நூலைக் கேட்டுச் சிரித்ததில் எனக்கு வியப்பில்லை. உயர்ந்தவற்றைக் கண்டு சிரிப்பது அவர்களுக்கு ஓய்வு.

உங்கள் மோனம் கோபத்தில் பிறந்தது என்கிறீர்கள். பிறந்த இடத்தை வைத்து எதையும் மதிப்பிடக் கூடாது. உங்களை நீங்கள் அறிந்ததைவிட நான் கூடுதலாக அறிந்திருக்கிறேன் என்பதே அந்த நூலின் அடிப்படை.

கடிதங்களைப் பற்றி: என் நூல்களையும் தாள்களையும் சென்ற ஆண்டு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு அளித்துவிட்டேன். அந்த மூன்று கடிதங்களும் அவற்றுடன் இருக்கின்றன. இப்போது அவை ஆய்வாளர்களுக்கான ஆவணங்கள். எண்ணிட்டிருக்கிறார்கள். வெளியே எடுப்பது எளிதல்ல. படப்பிடிப்பு நல்லபடி முடியட்டும். அதன் பிறகு பிரதி எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். பன்னிரண்டு ஆண்டு பொறுத்தவர் இன்னும் மூன்று மாதம் பொறுக்கலாம்.

படக்குழுவின் இயக்குநர் உங்கள் வேட்டி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார். ஓவியத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இராஜமாணிக்கம்

*

கட்டபெட்டு
3 டிசம்பர் 1986

இராஜமாணிக்கம் ஐயாவுக்கு,

இந்தவாட்டி மாடு கதை இல்லைங்க. கன்னு நல்லா இருக்குது, அவ்வளவுதான்.

விருந்தாளிங்க போனதும் நாப்பத்தொண்ணாம் நாள் நான் ஒரு சட்டையோட மண்டபத்துக்குப் போனேன். அதை நீங்க ‘மோனத்தை முடித்துக்கொண்டு மலைகளுக்குள் மறைந்தார்’னு எழுதியிருக்கீங்க. மலைக்குள்ள மறையலீங்க. மேட்டுப்பாளையத்துல ரயிலுக்கு நின்னேன், மதுரையில ஒரு ராத்திரி பிளாட்பாரத்துல படுத்தேன், மண்டபத்துல போயி எறங்குனேன். அங்க கடக்காத்துல பொடி மணலு கண்ணுல அடிக்குது. எங்க பார்த்தாலும் சனம், பொட்டி, சட்டி, அழுவற கொழந்தை. ஒவ்வொரு கொட்டாயா நின்னு ‘அங்கம்மா, சிலோன்ல அட்டன் பக்கம், புருசன் பேரு கந்தன்’னு கேட்டேன். ஒருத்தரு, அந்தக் கப்பல்ல வந்தவங்க ஆந்திராப் பக்கம் நூல் மில்லுக்குப் போயிட்டாங்கன்னாரு. அவரு நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு.

ஆந்திராவுக்கும் போனேன். ரெண்டு மில்லு வாசல்ல நின்னேன். எனக்கு அவங்க பேசறது தெரியாது, அவங்களுக்கு நான் பேசறது தெரியாது. ஐயா, பேசி ஒண்ணும் ஆகாத எடம்னா அது எப்படி இருக்கும்னு அந்த வாசல்லதான் எனக்குத் தெரிஞ்சுது. நீங்க அதை எழுதியிருக்கலாம். நீங்க சாம்பார் தின்னுட்டிருந்தீங்க.

ஆய்வாளர்களுக்கு ஆவணம்னு எழுதியிருக்கீங்க. என்ற தங்கச்சி எனக்கு எழுதுன கடுதாசியில அவங்க எதை ஆராயப் போறாங்க? அவளுக்குச் ‘ச’ எழுத வராது, சிலோன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணு வருசம்தான் போனா. அதுக்கு ஒரு நம்பர் போட்டு அலமாரியில வெச்சிருக்காங்க. இருக்கட்டும்.

இப்பச் சொல்றேன், கேட்டுக்கங்க. நான் வாசல்ல வந்து நிப்பேன். வெள்ளை வேட்டியே கட்டிக்கிட்டு வருவேன். கேமரா ஓட ஆரம்பிச்சதும் இக்கட்ட திரும்பிப் பேச ஆரம்பிச்சிருவேன். லீவு கேட்டதுல ஆரம்பிச்சு, உப்பு, டம்ளரு, பங்களாவுக்கு வர்ற தபால் பைச் சாவி உங்க இடுப்புல இருந்தது, எல்லாத்தையும் பேசுவேன். எங்க பெரியப்பன் கதையையும் சொல்லுவேன். வெளிச்சம் போற வரைக்கும் பேசுவேன். எனக்கு வாய் வலிக்காதுன்னு கட்டபெட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பதினோரு பாசைக்காரங்களும் கேட்டுக்கட்டும்.

மொதல்ல கடுதாசி. அப்புறம் கேமரா.

மருதமுத்து

*

சென்னை
15 டிசம்பர் 1986

மருதமுத்து,

மூன்று கடிதங்களையும் நூலகத்திலிருந்து திரும்பப் பெற்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதற்காக நான் யார்யாரிடம் கேட்க வேண்டியிருந்தது என்பது உங்களுக்குப் புரியாது. ஒரு டீக்கடைக்காரரின் மிரட்டலுக்கு அஞ்சி இதைச் செய்ததாக எண்ண வேண்டாம்.

மூன்றும் ஒட்டியபடியே இருப்பதைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவற்றைப் பிரிக்கவில்லை. பிறர் பெயருக்கு வந்த கடிதத்தை நான் எந்நாளும் பிரித்தவனல்ல. இந்த ஒழுக்கத்தையாவது நீங்கள் மதிக்க வேண்டும்.

பிப்ரவரி பத்தாம் தேதி படப்பிடிப்பு. மறக்க வேண்டாம்.

இராஜமாணிக்கம்

*

கட்டபெட்டு
8 ஜனவரி 1987

இராஜமாணிக்கம் ஐயாவுக்கு,

பிரிக்காம வெச்சிருந்தீங்க. பிரிச்சிருந்தா ஒருவேளை மனசு கேக்காமக் குடுத்திருப்பீங்க.

மூணையும் வேலாமணி படிச்சா. மொதக் கடுதாசி மண்டபத்துல எறங்குன அன்னிக்கு எழுதுனது. ‘அண்ணே, வந்துட்டோம். சொந்தக்காரங்க வந்து பேரு குடுத்தா அவங்க ஊருப் பக்கமே அனுப்பறாங்களாம். சுருக்கா வா.’ ரெண்டாவது பன்னண்டு நாள் கழிச்சு. சின்னவளுக்குக் காய்ச்சல், நீ வரலை, ஏன் வரலைன்னு. மூணாவது முப்பத்திரெண்டாம் நாள். ‘நம்ம நல்ல நேரம், நீ வராமலே எங்களை நீலகிரிக்குப் போட்டுட்டாங்க. சேரம்பாடியாம், கவர்மெண்டுத் தேயிலைத் தோட்டமாம். நீ ஒருக்கா வந்து கூட்டிக்கிட்டுப் போ. பொறந்தவன் வந்து கூப்பிடாம நான் உன் வாசல்ல வந்து எப்படி நிக்கிறது.’

சேரம்பாடி, ஐயா. இதே சில்லா. இங்கிருந்து காலையில வண்டி ஏறி ஊட்டியில ஒருக்கா மாறி, கூடலூர்ல ஒருக்கா மாறுனா, சாயங்காலம் அங்க டீ குடிக்கலாம். நான் ஆந்திராவுல மில்லு வாசல்ல நின்னேன்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க எடுத்துக் குடுத்திருப்பீங்கன்னு வேலாமணி சொல்றா. நெசந்தான். ஒவ்வொரு நாளும் தபால் பை வர்றதை அந்த வாசல்ல இருந்து பாத்துட்டிருந்தேன். நீங்க பூட்டைத் திறந்து கடுதாசியெல்லாம் எடுக்கறதையும் பாத்தேன். எனக்கு வந்திருக்குதான்னு கேக்க வாய் வரலை. பேச்சை விட்டவன் மொதல்ல எப்படிப் பேசறதுன்னு இருந்துட்டேன். ஒரு மடையன் தபால் பையைப் பாத்துட்டு நிக்கறதை இன்னொரு மடையன் பாத்து எழுதுனதுதான் உங்க ஏழாம் அத்தியாயம்.

மார்கழி பதினஞ்சாந் தேதி சேரம்பாடி போனேன். லைன் ஊடுதான், அவ அதை லயம்கறா. நாலாவது ரூமு, அதைக் காம்பராங்கறா. வாசல்ல வெறகு பொளந்துட்டிருந்தா. என்னைப் பாத்தா. ஒரு நிமிசம் பாத்திருப்பா. கோடாலியைச் செவுத்துல சாத்திட்டு உள்ள போயிட்டா.

மச்சான் கந்தன் வந்து பாய் போட்டாரு. பேசுனாரு, அவரு தங்கமான மனுசன். எழுபத்தாறுல அவ மக மல்லிகா பெரியவளாயிருக்கறா. சீர் வெக்கத் தாய்மாமன் உக்கார்ற எடத்துல ஒரு பலகையைப் போட்டு வெச்சு, மச்சானோட தம்பிமாருங்க யாரையும் அதுல உக்கார விடலையாம் இவ. கடைசி வரைக்கும் பலகை வெறுமனே கெடந்துச்சாம். சடங்கு முடிஞ்சதும் அதைத் தூக்கி அடுப்புல வெச்சுட்டாளாம். அன்னியிலிருந்து என்ற பேரை அந்த ஊட்டுல யாரும் எடுக்கப்படாது.

சோறு போட்டா. தட்டை முன்னால வெச்சா பாருங்க, ணங்குனு. ஒரு வாய் எடுத்து வெச்சேன். உப்பு அள்ளிப் போட்டிருந்தா. கண்ணுல தண்ணி வந்துருச்சு. இவ என்ற தங்கச்சிதான்னு அப்பத்தான் முழுசா நம்புனேன். மிச்சம் வெக்காமத் தின்னுட்டு மறு சோறு கேட்டேன்.

நாலு நாள் இருந்தேன். அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. மூணு கடுதாசியையும் எடுத்து முன்னால வெச்சேன். போன வாரம்தான் பிரிச்சோம்னேன். அவ மச்சானைப் பாத்து, ‘பன்னெண்டு வருசம் எங்க வெச்சிருந்தாராம், கேளுங்க’ன்னா. ஒரு படிச்ச மனுசன் புக்குக்குள்ள அடையாளத்துக்கு வெச்சிருந்தாருன்னேன். அதுக்கு அவ சிரிக்கக்கூட இல்லை. உலகத்துல யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க, நான் புதுசாக் கட்டுன கதைன்னு நெனைச்சுட்டா. நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அதனால உங்களாலதான் ஒண்ணு ஆகோணும். அங்கம்மாவுக்கு நாலு வரி எழுதிக் குடுங்க. அவ படிப்பா. எங்கிட்டயே அனுப்புங்க, நான் கொண்டுபோய்க் குடுக்கறேன். லீவு கேட்டான், நான் விடலை. கடுதாசி வந்துச்சு, நான் குடுக்கலை. அவன் மேல தப்பில்லை. இவ்வளவுதான். மோனம், எல்லை, வெளி, இதுல ஒண்ணும் கலக்காதீங்க. கலந்தா அவளுக்குப் புரியாது.

அது வந்துருச்சுன்னா, உங்க வாசல்ல எத்தனை நாள் வேணாலும் வாயைக் கட்டிட்டு நிக்கறேன். வேட்டியைக்கூடச் சலவைக்குப் போட்டுட்டேன்.

மருதமுத்து

*

சென்னை
19 ஜனவரி 1987

அன்புள்ள மருதமுத்து,

உங்கள் கடிதத்தை மூன்றுமுறை படித்தேன். பல ஆண்டுகளில் எதுவும் என்னை இவ்வளவு அசைத்ததில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள். அடுப்பில் எரிந்த பலகை. விறகு பிளந்த பெண் கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே செல்வது. உங்கள் தங்கையின் முன் உங்கள் நாற்பது நாள் வெறும் முன்னுரை என்பதை இப்போது உணர்கிறேன். இத்தனை நாளும் தவறான ஆளைப் பற்றி எழுதிவிட்டேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

படக்குழுவுடன் பேசிவிட்டேன். கட்டபெட்டில் ஒரு நாள் போதும் என்கிறார்கள். பிறகு நேராகச் சேரம்பாடிக்கு வர விரும்புகிறார்கள். நானும் வருவேன். அடுத்த நூலுக்கு அதுவே தொடக்கமாக அமையும்.

நீங்கள் கேட்ட நான்கு வரி: கடிதங்கள் உரியவரைச் சென்றடையத் தாமதமானது உண்மை. காலமும் சூழலும் அவ்வாறு அமைந்துவிட்டன. இதற்கு மேல் எழுதினால் அந்த அம்மையாரின் நிலையில் நான் குறுக்கிடுவதாகிவிடும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி பன்னிரண்டு வரை அவரிடம் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இராஜமாணிக்கம்

*

சேரம்பாடி
1 பிப்ரவரி 1987

இராஜமாணிக்கம் ஐயாவுக்கு,

மருதமுத்து சொல்றேன். இந்தவாட்டி எழுதறது வேலாமணி இல்லீங்க. கையெழுத்து மாறியிருக்கறது உங்களுக்கே தெரியும்.

உங்க கடுதாசியைக் கட்டபெட்டுல வேலாமணி படிச்சுட்டு, மடிச்சு என்ற கையில குடுத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. நாலு வரி கேட்டேன். நீங்க குடுத்த வரியில ஆளே இல்லை. கடுதாசி அதுவாத் தாமதமாச்சு, காலம் அதுவா அமைஞ்சுச்சு. கிழிச்சு அடுப்புல போட்டுடலாம்னு இருந்தேன். அப்புறம், கிழிக்க நான் யாரு, அவளுக்காகக் கேட்டு வாங்குனதுதானேன்னு, அதையே எடுத்துட்டு மறுபடி வண்டி ஏறுனேன். கூடலூர்ல மழை. மழையில நனைஞ்சா உங்க எழுத்து போயிரும்னு சட்டைக்குள்ள வெச்சுட்டு வந்தேன், பாத்துக்கங்க.

அங்கம்மா கஞ்சி வெச்சுட்டிருந்தா. கடுதாசியை அம்மிக்கல்லு மேல வெச்சுட்டு நான் போயி வெளிய உக்காந்தேன். அடுப்பு வெளிச்சத்துல எடுத்துப் படிச்சா. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கறது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. ஒருக்காப் படிச்சா. மறுபடி மொதல்ல இருந்து படிச்சா. கடைசி வரிக்கு வந்ததும் சத்தம் நின்னுருச்சு. கஞ்சி பொங்கி அடுப்புல வழியுது, அவ எறக்கலை.

அப்புறம் வெளிய வந்து எனக்கு எதிர்ல நின்னா. பன்னண்டு வருசத்துல அவ என்கிட்டச் சொன்ன மொத வார்த்தையை எழுதச் சொல்றேன்.

‘அண்ணே, இந்தாளுக்கா எட்டு வருசம் ஆக்கிப் போட்டே?’

ஆமான்னேன்.

‘உப்பு பத்தலை’ன்னா.

அதோட வந்து பக்கத்துல உக்காந்துட்டா. நான் ரெண்டு நாளா எழுந்திரிக்கலை, ஐயா, பேசிக்கிட்டே இருக்கறோம். எங்க பெரியப்பன் மாட்டுக்கிட்டப் பேசுன கதையை அவ என்னைவிட நல்லாச் சொல்றா. மச்சானுக்குத் தூக்கமே இல்லை.

நீங்க நல்லபடியா நாலு வரி எழுதியிருந்தா அவ இவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்க மாட்டாள்னு தோணுது. படிச்ச மனுசன் ஒருத்தன் அப்படிச் செய்வானான்னு சந்தேகத்துலயே இருந்தா. நீங்க எழுதுன எழுத்தே சாட்சியாயிருச்சு. அந்த ஒரு காரியத்துக்கு உங்க படிப்பு ஆச்சு.

பத்தாந் தேதி வாசல்ல நிக்க எனக்கு நேரமில்லீங்க. மாசியில மல்லிகாவுக்குக் கல்யாணம். புதுப் பலகை ஒண்ணு இழைக்கக் குடுத்திருக்கறா. மாமனா நான் அதுல உக்காரோணும், எல்லாருக்கும் மூஞ்சி தெரியற மாதிரி. கேமராக்காரங்க இக்கட்ட வரவேண்டாம். வந்தா அங்கம்மா பேசுவா. அவ பேச ஆரம்பிச்சா என்னைவிட மோசம்.

கடைசியா ஒண்ணு. இன்னியிலிருந்து உங்களோட எனக்குப் பேச்சு இல்லை. இது கோவமுங்க. காரணத்தை மேல எழுதியாச்சு. மறுபடி புக்குப் போட்டீங்கன்னா அதையும் சேத்துப் போட்டுருங்க.

மருதமுத்து

ஐயா, நான் அங்கம்மா. இனி வர்றது அண்ணன் சொல்லி எழுதினது இல்லை. அண்ணனுக்கு இது தெரியாது.

எழுபத்தாறாம் வருசம் மல்லிகா பெரியவளான கிழமை நாலாவதாகவும் ஒரு கடுதாசி போட்டேன். எங்க அண்ணன் உசுரோட இருக்காரா, இருந்தா மருமகளுக்குச் சீர் வைக்க வரச் சொல்லுங்க, இல்லாட்டியும் ஒரு வரி எழுதிப் போடுங்க, அந்தப் பலகையில வேற ஆளை உக்கார வைக்கிறேன் என்று கேட்டிருந்தேன். அண்ணன் பேருக்கு மூணு போட்டும் பதில் இல்லை என்றபடியால் அதை உங்கள் பேருக்கே போட்டேன்.

அது உங்களுக்கு வந்த கடுதாசி. பிரிச்சிருப்பீங்கள்.